ஒத்தியா, குத்தகையா? – ஒரு கரிசல் வகுப்பறையில் அம்பாந்தோட்டை

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல், குடிமையியல் பகுதியில் 'இந்தியாவின் வெளியுறவுக் கொள்கை', 'இந்தியாவின் சர்வதேச உறவுகள்' என்ற இரண்டு பாடங்கள் அடுத்தடுத்து வருகின்றன. நாடுகளின் பெயர், அமைப்புகளின் பெயர், ஆண்டு என மனப்பாடத்துக்கு ஏற்ற செய்திகள் அவற்றில் நிறைய உண்டு. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நடத்தி வந்தேன். பிள்ளைகள் மதிப்பெண் வாங்கினார்கள். எனக்கும் குறை ஒன்றும் தெரியவில்லை.

ஒரு நாள் பாடத்தைச் சற்று விரிவாக்கலாம் என்று கரும்பலகையில் இந்தியப் பெருங்கடலின் வரைபடத்தை வரைந்தேன். பாகிஸ்தானில் குவாதர், இலங்கையில் அம்பாந்தோட்டை, மியான்மரில் சவுக்பியூ, ஆப்பிரிக்கக் கரையில் ஜிபூட்டி என்று நான்கு புள்ளிகள். நான்கையும் சாக்பீஸால் இணைத்தேன். "சீனா தன் கடற்படையைப் பெருக்கிக்கொண்டு வருகிறது. இந்தத் துறைமுகங்களை ஒரு முத்துச்சரம் மாதிரி கோத்து நம்மைச் சுற்றி வளைக்கிறது என்று சொல்கிறார்கள். இலங்கை வாங்கிய கடனைக் கட்ட முடியவில்லை. அதனால் துறைமுகத்தை 99 ஆண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது" என்றேன்.

கடைசி வரிசையில் இருந்து ஒரு மாணவன் எழுந்தான். அதிகம் பேசாதவன்.

"டீச்சர், அது ஒத்தியா, குத்தகையா?"

வகுப்பு சிரித்தது. அவன் உட்காரவில்லை.

"ஒத்தின்னா ரூவாயத் திருப்பிக் குடுத்தா நிலம் வந்துரும். குத்தகைன்னா வருசம் முடிஞ்சா தானா வந்துரும், ரூவா எதுவும் திருப்பிக் குடுக்க வேண்டாம். நீங்க கடனுக்காகக் குடுத்தாங்கன்னும் சொல்றீங்க, 99 வருசம்னும் சொல்றீங்க. ரெண்டுல எது டீச்சர்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "திங்கட்கிழமை சொல்றேன்ப்பா" என்று சொல்லி அவனை உட்கார வைத்தேன். அந்த வார இறுதியில் நான் படித்தவையும், அதன் பிறகு நாங்கள் வகுப்பில் செய்தவையும்தான் இந்தக் கட்டுரை.

மாணவன் பிடித்த தவறு

கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்கு ஒத்தி, குத்தகை, வாரம், கிரயம் ஆகிய நான்கு சொற்களையும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை பொய்த்த ஆண்டிலும், வீட்டில் கல்யாணம் வந்த ஆண்டிலும் அவை தாமாகவே வீட்டுக்குள் வந்துவிடும். ஒத்தி வாங்கியவர் வட்டிக்குப் பதிலாக நிலத்தில் உளுந்தோ மக்காச்சோளமோ போட்டு எடுத்துக்கொள்வார். முதலைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் நிலம் திரும்பும். குத்தகையில் கடன் என்ற பேச்சே இல்லை. பேசிய தொகையைப் பேசிய காலத்துக்குக் கொடுத்துவிட்டு உழுவார்கள்.

அம்பாந்தோட்டையில் நடந்தது என்ன? துறைமுகக் கட்டுமானம் 2008இல் தொடங்கியது. முதல் கட்டத்துக்குச் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கி சுமார் 30 கோடி டாலர் கடன் கொடுத்தது. வட்டி 6.3 விழுக்காடு. 2010 நவம்பரில் துறைமுகம் திறக்கப்பட்டது. எதிர்பார்த்த அளவுக்குக் கப்பல்கள் வரவில்லை, நட்டம் ஏறியது. 2017 ஜூலையில் சைனா மெர்ச்சன்ட்ஸ் போர்ட் என்ற சீன நிறுவனத்துடன் இலங்கை 99 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. நிறுவனம் சுமார் 112 கோடி டாலர் கொடுத்து 70 விழுக்காடு பங்கு பெற்றது.

நான் தவறாகச் சொன்ன இடம் இதற்கு அடுத்ததுதான். அந்த 112 கோடி டாலரைக் கொண்டு துறைமுகக் கடன் அடைக்கப்படவில்லை. பணம் இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சேர்ந்தது. துறைமுகத்துக்காக வாங்கிய கடன் இலங்கை அரசின் கணக்கிலேயே நின்றது. அதைத் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது. அப்போது இலங்கையின் வெளிநாட்டுக் கடனில் சீனாவின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான். அதைவிடப் பெரிய சுமை சர்வதேசச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்கள். அவற்றுக்குத் தவணை கட்ட டாலர் தேவைப்பட்டது. டாலருக்காகத் துறைமுகம் கைமாறியது.

திங்கட்கிழமை வகுப்பில் இதை அப்படியே சொன்னேன். "நான் போன வாரம் சொன்னது சரியில்லை. இது ஒத்தி இல்லை. மொத்தப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டு விட்ட நீண்ட காலக் குத்தகை. பழைய கடன் தனியாக அப்படியே இருக்கிறது" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப ஒத்தியவிட மோசம் டீச்சர். ஒத்தின்னா ரூவா புரட்டுனா நாளைக்கே மீட்டுரலாம். இத 99 வருசத்துக்கு மீட்கவே முடியாதுல்ல?" என்றான். பிறகு, "கையெழுத்துப் போட்ட அன்னைக்கு அவங்களுக்கு ரூவா தேவை. இல்லாட்டா போட்டுருக்க மாட்டாங்க" என்று தானாகவே சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

இந்தப் பாடம் முழுவதற்கும் அந்தக் கடைசி வாக்கியம் போதுமானதாக இருந்தது. பெரிய நாடுகளின் கடற்படைகள் வெளிநாட்டுக் கரைகளில் கால் ஊன்றுவது பெரும்பாலும் ஒரு கையெழுத்தின் வழியாக நடக்கிறது. அந்தக் கையெழுத்து விழும் நாளில் இரு தரப்புக்கும் ஏதோ ஒரு தேவை இருக்கிறது. அந்தத் தேவையைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டால், நாளைக்கு எந்த நாட்டின் செய்தி வந்தாலும் அவர்களே படித்துக்கொள்வார்கள்.

முதல் செயல்பாடு: அளவுகோலும் நிலவரைபடமும்

எங்கள் மாவட்டத்தின் பெயரே ஒரு துறைமுகத்தின் பெயர். ஆனாலும் கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடல் அந்நியம். தூத்துக்குடி 60 கிலோமீட்டர்தான். என் வகுப்பில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததில்லை. ஆகவே பாடத்தைத் தூரத்தில் இருந்து தொடங்கினேன்.

நிலவரைபட நூலையும் அளவுகோலையும் கொடுத்து, கோவில்பட்டியில் இருந்து சென்னைக்கு நேர்கோட்டில் எவ்வளவு, அம்பாந்தோட்டைக்கு எவ்வளவு என்று அளக்கச் சொன்னேன். இரண்டுமே ஏறத்தாழ 500 கிலோமீட்டர். அளந்தவர்கள் நம்பாமல் இரண்டாவது முறை அளந்தார்கள். "மெட்ராசும் அதுவும் ஒரே தூரமா டீச்சர்?" என்ற கேள்வி நான்கு பெஞ்சுகளில் இருந்து வந்தது.

அடுத்து, பாக் நீரிணையில் ஆழம் குறைவு, பெரிய கப்பல்கள் அதன் வழியே செல்ல முடியாது என்பதை விளக்கினேன். சூயஸ் கால்வாய்ப் பக்கம் இருந்து மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல்கள் இலங்கையின் தெற்கு முனையை ஒட்டியே செல்கின்றன. அம்பாந்தோட்டை அந்தப் பாதையின் ஓரத்தில் இருக்கிறது. நான்குவழிச் சாலையின் ஓரத்தில் இருக்கும் நிலத்துக்கு ஏன் விலை அதிகம் என்று கேட்டால் எங்கள் பிள்ளைகளே பதில் சொல்லிவிடுவார்கள்.

கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு எங்களுக்கு அருகில்தான். 1799 அக்டோபர் 16 என்ற தேதி எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 'ஐ.என்.எஸ். கட்டபொம்மன்' என்ற இந்தியக் கடற்படைத் தளம் இருப்பது பலருக்குத் தெரியாது. கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ்ந்த அலைவரிசையில் செய்தி அனுப்பும் நிலையம் அது. வறண்ட காட்டுக்குள் கடற்படை நிலையம் என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

இரண்டாம் செயல்பாடு: லாரியும் போர்க்கப்பலும்

கடற்படைக்கு வெளிநாட்டுத் துறைமுகம் எதற்கு? இந்தக் கேள்விக்கு நான் விளக்கம் சொல்லவில்லை. தீப்பெட்டிப் பண்டல் ஏற்றிக்கொண்டு வடமாநிலத்துக்குப் போகும் லாரிக்கு வழியில் என்னென்ன தேவைப்படும் என்று கேட்டேன். லாரி ஓட்டும் மாமாவை உடைய ஒரு மாணவி பட்டியல் போட்டாள்: டீசல், சாப்பாடு, குளிக்கத் தண்ணீர், பஞ்சர் ஒட்டக் கடை, தூங்க இடம், தெரிந்த பட்டறை. "தெரியாத பட்டறைல விட்டா ஏமாத்திருவாங்க டீச்சர்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

போர்க்கப்பலுக்கும் பட்டியல் அதுதான். இருநூறு, முந்நூறு பேர் உள்ள கப்பல் மாதக் கணக்கில் கடலில் நிற்க வேண்டுமானால் எரிபொருள், குடிநீர், உணவு, பழுதுபார்ப்பு எல்லாம் வேண்டும். 2008 டிசம்பரில் சோமாலியக் கடற்கொள்ளையரைத் தடுக்க ஏடன் வளைகுடாவுக்குச் சீனா கப்பல்களை அனுப்பத் தொடங்கியது. அதே ஆண்டு இந்தியாவும் அனுப்பியது. சொந்த நாட்டில் இருந்து வெகு தொலைவில் கப்பல்களைத் தொடர்ந்து நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதைச் சீனா அங்கே கண்டது. 2017இல் ஜிபூட்டியில் தன் முதல் வெளிநாட்டுப் படைத்தளத்தைத் திறந்தது. அதே சிறிய நாட்டில் அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான் ஆகியவற்றின் தளங்களும் இருக்கின்றன. "ஒரே காம்பவுண்டுல நாலு வாடகை வீடு" என்றான் ஒருவன்.

கப்பல்களின் எண்ணிக்கையில் இன்று சீனக் கடற்படைதான் உலகில் முதலிடம். 370க்கும் மேற்பட்ட கப்பல்களும் நீர்மூழ்கிகளும் அதனிடம் இருப்பதாக அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 2023ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. ஆனால் வெளிநாட்டுத் தளங்களில் அமெரிக்காவே வெகுதூரம் முன்னால் இருக்கிறது. பஹ்ரைன், ஜப்பானின் யோக்கோசுகா, டியேகோ கார்சியா என்று அதன் பட்டியல் நீளும். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் படம் முழுமையாகும்.

தளமே இல்லாமலும் உதவி பெறலாம். 2016இல் இந்தியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட தளவாட உடன்பாட்டின்படி, ஒரு நாட்டின் கப்பல் மற்ற நாட்டின் துறைமுகத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு பின்னர் கணக்குத் தீர்க்கலாம். இதற்கு வகுப்பு வைத்த பெயர் 'கைமாற்று'.

மூன்றாம் செயல்பாடு: நான்கு கேள்விகள், ஐந்து குழுக்கள்

மாணவனின் கேள்வியில் இருந்து நான்கு கேள்விகளை வகுத்துக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதினேன். பாடம் முடியும்வரை அவற்றை அழிக்கவில்லை.

1. கையெழுத்தான நாளில் யாருக்கு என்ன தேவை இருந்தது?
2. எத்தனை ஆண்டு? எப்படி முடிவுக்கு வரும்?
3. யாருடைய கப்பல் வரலாம்? அனுமதி தருவது யார்?
4. அங்கே குடியிருந்த மக்களுக்கு என்ன ஆனது?

வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஓர் இடத்தைக் கொடுத்தேன். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் இரண்டு பாடவேளை தேட வைத்தேன். தேடிக் கிடைத்தவற்றை நான் சரிபார்த்தேன். சுருக்கம் இதோ.

முதல் குழு, முத்துக்குளித்துறை. 1530களில் நம் கடற்கரையில் முத்துக் குளிக்கும் உரிமைக்காகக் கடும் போட்டி நடந்தது. பரதவர் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடினார்கள், கிறித்தவத்தையும் ஏற்றார்கள். அவர்களுக்குத் தேவை பாதுகாப்பு. போர்த்துக்கீசியருக்குத் தேவை முத்தும் கடல்வழியும். 1538இல் வேதாளையில் நடந்த போரில் போர்த்துக்கீசியக் கடற்படை வென்றது. ஆண்டுக் கணக்கு எதுவும் இல்லாத உறவு இது. 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். 1825இல் அது ஆங்கிலேயரிடம் போனது. கரையில் இருந்த மக்கள் அதே மக்கள். வருமானத்தில் பங்கு கேட்டவர்கள் மட்டும் மூன்று முறை மாறினார்கள்.

இரண்டாம் குழு, திருகோணமலை. 1947இல் விடுதலையை எதிர்நோக்கியிருந்த இலங்கைக்குப் பாதுகாப்பு வேண்டியிருந்தது. பிரிட்டனுக்கு இந்தியப் பெருங்கடலில் ஓர் இயற்கைத் துறைமுகம் வேண்டியிருந்தது. பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி பிரிட்டிஷ் கடற்படை அங்கேயே தொடர்ந்தது. 1956இல் பண்டாரநாயக்க அரசு வந்ததும் தளத்தைத் திருப்பிக் கேட்டது. பேச்சுவார்த்தை நடந்தது. 1957 அக்டோபரில் பிரிட்டன் தளத்தை ஒப்படைத்தது. சிறிய நாடு கேட்டு, பெரிய நாடு சண்டையின்றிப் போன கதை இது. நான்காம் கேள்விக்கு இக்குழு சற்று முந்தைய செய்தி ஒன்றைக் கொண்டுவந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலை மீது குண்டு வீசின. தளம் இருக்கும் ஊருக்கு அந்த ஆபத்தும் உண்டு.

மூன்றாம் குழு, டியேகோ கார்சியா. 1965இல் மொரீசியசுக்கு விடுதலை தருவதற்கு முன்பே சாகோஸ் தீவுகளைப் பிரிட்டன் தனியே பிரித்து வைத்துக்கொண்டது. 1966இல் அமெரிக்காவுடன் ஒப்பந்தம் செய்தது. தேவை அந்த இரண்டு நாடுகளுக்கு. தீவு மக்களிடம் யாரும் கேட்கவில்லை. 1973க்குள் அவர்கள் அனைவரும் மொரீசியசுக்கும் செஷல்சுக்கும் அனுப்பப்பட்டார்கள். 2019இல் பன்னாட்டு நீதிமன்றம், பிரிட்டன் இந்தத் தீவுகளை விட்டு விலக வேண்டும் என்று கருத்துரைத்தது. 2025 மே மாதம் பிரிட்டனும் மொரீசியசும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன: உரிமை மொரீசியசுக்கு, தளம் பிரிட்டனுக்கு 99 ஆண்டுக் குத்தகை. இக்குழு நான்காம் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதியது.

நான்காம் குழு, அம்பாந்தோட்டை. முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை ஏற்கெனவே வகுப்பில் கிடைத்துவிட்டது. மூன்றாவதற்கு அவர்கள் 2022 ஆகஸ்டை எடுத்தார்கள். 'யுவான் வாங் 5' என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வர இருந்தது. இந்தியா கவலை தெரிவித்தது. இலங்கை முதலில் வருகையைத் தள்ளிவைக்கச் சொன்னது. பிறகு, தன் கடல் எல்லைக்குள் ஆராய்ச்சி செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதித்தது. ஆகஸ்ட் 16இல் கப்பல் வந்து 22இல் போனது. அந்த ஆண்டுதான் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றது; இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது. இரு பக்கமும் உதவி தேவைப்படும் வீட்டுக்காரர் யாரைப் பகைக்க முடியும்? குத்தகைக்காரர் சீன நிறுவனம். ஆனால் அனுமதி தரும் அதிகாரம் இலங்கை அரசிடமே இருந்தது என்பதையும் பிள்ளைகள் குறித்தார்கள். 2024 முழுவதும் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு அனுமதி இல்லை என்று இலங்கை அறிவித்தது அந்த அதிகாரத்தில்தான். நான்காம் கேள்விக்கு: 2017 ஜனவரியில் துறைமுகத்தை ஒட்டித் தொழில் மண்டலத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து அப்பகுதி மக்கள் போராடினார்கள்.

ஐந்தாம் குழு, அகலேகா. மொரீசியசுக்குச் சொந்தமான, சுமார் 300 பேர் வாழும் இரட்டைத் தீவு. 2015இல் செய்த உடன்பாட்டின்படி அங்கே இந்தியா விமான ஓடுபாதையும் கப்பல்துறையும் கட்டிக் கொடுத்தது. 2024 பிப்ரவரி 29இல் அவை திறக்கப்பட்டன.

அந்தக் குழுவில்தான் சிக்கல் வந்தது. "நம்ம நாட்டுக்கு இந்தக் கேள்வி எல்லாம் வேண்டாம் டீச்சர். நம்ம நல்லதுக்குத்தான செஞ்சிருப்போம்" என்று ஒருவன் தாளைத் திருப்பிக் கொடுத்தான். அந்த இடத்தில் நான் கொஞ்சம் தயங்கினேன். அவனுடைய நாட்டுப்பற்றைக் குறைத்துப் பேசவும் கூடாது, கேள்வியை விட்டுவிடவும் கூடாது. "நம்ம வீட்டுப் பத்திரத்த நம்ம வாசிச்சுப் பாக்க மாட்டோமா?" என்று மட்டும் கேட்டேன். தாளை வாங்கிக்கொண்டான்.

அவர்கள் எழுதியது நன்றாகவே இருந்தது. தீவு மக்களுக்கு நல்ல போக்குவரத்து தேவை. இந்தியாவுக்கு அந்தக் கடற்பகுதியைக் கண்காணிக்க வசதி தேவை. தீவு மொரீசியசின் உரிமையில்தான் இருக்கிறது. அது படைத்தளம் இல்லை என்று மொரீசியஸ் அரசு சொல்கிறது. டியேகோ கார்சியா மக்களுக்கு நேர்ந்தது நமக்கும் நேருமோ என்ற அச்சம் தீவு மக்களில் சிலருக்கு இருந்தது. அந்த அச்சம் பொய்யாக வேண்டும் என்பதே எங்கள் விருப்பம் என்று குழு முடித்திருந்தது. இந்தக் கடைசி வரியைப் பிள்ளைகளே எழுதினார்கள்.

99 என்ற எண்

கணக்கு ஆசிரியரிடம் சொல்லி ஒரு சிறு பயிற்சியும் சேர்த்தோம். 1898இல் பிரிட்டன் சீனாவிடம் இருந்து ஹாங்காங்கின் புதிய பகுதிகளை 99 ஆண்டுக்கு வாங்கியது. திருப்பிக் கொடுத்த ஆண்டு எது? 1940இல் பிரிட்டனுக்கு 50 பழைய போர்க்கப்பல்களைக் கொடுத்து, கரீபியன் முதலிய இடங்களில் தளம் அமைக்க அமெரிக்கா 99 ஆண்டுக் குத்தகை பெற்றது. அது எப்போது முடியும்? 2017இல் தொடங்கிய அம்பாந்தோட்டைக் குத்தகை எப்போது முடியும், அப்போது உன் வயது என்ன?

1997, 2039, 2116 என்று விடைகள் வந்தன. நூறைத் தாண்டிய தங்கள் வயதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். "கையெழுத்துப் போட்டவங்க யாரும் அப்ப இருக்க மாட்டாங்களே" என்றாள் முதல் வரிசை மாணவி. 1898இல் 99 ஆண்டுக்குக் கொடுத்த சீனாவே 2017இல் 99 ஆண்டுக்கு வாங்கியிருப்பதை இன்னொரு மாணவி கண்டுபிடித்தாள். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

இதைக் கற்பிக்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு

ஒன்று. பிள்ளைகளின் வீட்டுக் கடனைப் பற்றி வகுப்பில் கேட்காதீர்கள். முதல் நாள் நான் ஆர்வத்தில், "உங்க வீட்ல யாராவது ஒத்தி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு வந்த வகுப்புகளில் 'ஒரு ஊரில் ஒரு விவசாயி' என்றே சொன்னேன். பாடம் குறையவில்லை.

இரண்டு. ஒரு நாட்டை எதிரியாகக் காட்டி வகுப்பைத் தொடங்கினால், அதன் பிறகு பிள்ளைகள் கேள்வி கேட்பதில்லை. தொலைக்காட்சி விவாதங்களில் கேட்ட சொற்களையே திருப்பிச் சொல்கிறார்கள். நான் கரும்பலகையில் கோத்த முத்துச்சரம் அப்படித்தான் இருந்தது. நான்கு புள்ளிகளில் ஒன்று மட்டுமே அறிவிக்கப்பட்ட படைத்தளம். மற்ற மூன்றும் வணிகத் துறைமுகங்கள். நாளை அவை வேறு விதமாகப் பயன்படலாம் என்ற கவலை நியாயமானது. 2014இல் சீன நீர்மூழ்கி கொழும்பு வந்தபோது இந்தியா கவலைப்பட்டதற்குக் காரணமும் அதுதான். கவலையைக் கவலை என்றும், நடந்ததை நடந்தது என்றும் பிரித்துச் சொன்னால் போதும்.

மூன்று. மற்ற வகுப்புகளுக்கும் இதைச் சுருக்கலாம். ஐந்தாம் வகுப்பில் லாரியும் கப்பலும் பட்டியல் மட்டும் போதும். எட்டாம் வகுப்பில் அளவுகோல் பயிற்சியைச் செய்யலாம். வ.உ.சி. பற்றிய பாடம் வரும்போது, 1906இல் பதிவான சுதேசி கப்பல் கம்பெனி தூத்துக்குடி–கொழும்புப் பாதையில் ஏன் அவ்வளவு எதிர்ப்பைச் சந்தித்தது என்று கேளுங்கள். கடல்வழியைக் கையில் வைத்திருந்தவர் யார், அவருக்கு என்ன தேவை என்ற முதல் கேள்வியே அங்கும் பயன்படும்.

நான்கு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, சொன்ன நாளில் விடையோடு வாருங்கள். நான் திருத்திச் சொன்ன பிறகுதான் என் வகுப்பில் கேள்விகள் அதிகமாயின. "டீச்சர், நீங்க பாத்துட்டுத்தான் சொல்றீங்களா?" என்று இப்போது கேட்கிறார்கள். கேட்கும்போது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கிறது, ஆனாலும் பிடித்திருக்கிறது.

அலகுத் தேர்வில் புதிய கேள்வி ஒன்றைச் சேர்த்தேன். 'ஒரு பெரிய நாடு ஒரு சிறிய நாட்டின் துறைமுகத்தை 50 ஆண்டுக்குக் கேட்கிறது. கையெழுத்துப் போடும் முன் நீ என்ன கேட்பாய்?' பெரும்பாலோர் பலகையில் இருந்த நான்கு கேள்விகளை எழுதினார்கள். கடைசி வரிசை மாணவன் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்திருந்தான்: 'நடுவில் எங்களுக்குப் பணம் கிடைத்தால், முன்னாலேயே மீட்டுக்கொள்ளலாம் என்று எழுதித் தருவீர்களா?'

முழு மதிப்பெண் கொடுத்தேன். அந்த வரியை இந்த ஆண்டுப் பாடக்குறிப்பேட்டில் ஐந்தாவது கேள்வியாக எழுதி வைத்திருக்கிறேன்.